எந்தச் சக்கரம்?

நடுநிசியில் வீட்டுக்குள் ஒரு சுவர்க்கோழி கத்த ஆரம்பித்தால், அதைக் கேட்காமல் இருப்பது யாராலும் ஆகாத காரியம். அது எங்கே உட்கார்ந்து கத்துகிறது என்று கண்டுபிடிப்பதோ அதைவிட ஆகாத காரியம். பீரோவுக்குப் பின்னால் என்று வீட்டுக்காரர் சொல்வார். அரிசிப் பானைக்கு அடியில் என்று வீட்டுக்காரி சொல்வாள். ஜன்னலுக்கு வெளியே என்று பிள்ளைகள் சாதிக்கும். விளக்கைப் போட்டதும் சத்தம் நின்றுவிடும். விளக்கை அணைத்ததும் எதிர்ச் சுவரிலிருந்து கேட்கும். சத்தம் வரும் திசையை அறிவதற்கு நமக்கு இரண்டு காதுகள் துணை செய்கின்றன என்கிறார்கள் விஞ்ஞானிகள். திறந்த வெளியில் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. நாலு சுவருக்குள் அகப்பட்டுக்கொண்ட சத்தத்தின் விஷயத்திலோ, இரண்டு காதுகளும் இரண்டு வக்கீல்களைப் போல் ஆளுக்கொரு பக்கம் வாதாடத் தொடங்கிவிடுகின்றன.

மோட்டார் காரும் ஒரு சிறிய அறைதான். அதன் அடியில் நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று முனக ஆரம்பித்தால் அந்த முனகல் இரும்புச் சட்டம் முழுவதிலும் ஓடிப் பரவி, கதவிலிருந்தும் கூரையிலிருந்தும் காலடியிலிருந்தும் ஏககாலத்தில் கேட்கிறது. எங்கள் ஆரப்பாளையத்துக்காரர்களுக்கு இது புதிய சமாசாரம் அல்ல. வைகை உடைத்துக்கொண்டபோது, கரையை அடைக்க வந்தியின் கூலியாளாக வந்த பெருமான், உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கியதும், பாண்டியன் பிரம்பால் அடித்ததும், அந்த ஓர் அடி அரசன் முதல் சகல ஜீவன்கள் முதுகிலும் விழுந்ததும் நாம் அறிந்த கதை. ஆவணி மாதத்தில் அந்தத் திருவிழா நடக்கும் புட்டுத்தோப்பு எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. அடி எல்லா முதுகிலும் விழுந்துவிட்டால், அடிபட்டவன் யார் என்று எப்படிச் சொல்வது? முனகும் காருக்குள் உட்கார்ந்திருப்பவனுடைய கஷ்டமும் அதுதான்.

எங்கள் வீட்டுக் கார் சென்ற மார்கழியில் முனகத் தொடங்கியது. கார் என்னுடையது என்று சொல்வது உபசாரம். அதை ஓட்டுகிறவள் என் மனைவி. உசிலம்பட்டிப் பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. காளவாசலில் இரண்டு சக ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டு, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாகத் தினம் போய்த் திரும்புகிறாள். நான் எப்போதாவது இடது பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவன்.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய ரீங்காரமாக ஆரம்பித்து, அறுபதில் தேனீக் கூட்டம் போல் பெருகும். வேகம் குறைந்தால் தானும் குறையும். இதில் ஒரு விசேஷத்தையும் என் மனைவி கவனித்திருந்தாள். இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடுகிறது. வலது பக்கம் வளைந்தால் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது.

இந்தச் செய்தி வெளியானதும் வீட்டில் நிபுணர்கள் பெருகினார்கள். பின் ஆசனத்தில் உட்காரும் என் மாமியார், சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்றார். எதிர் வீட்டுப் பெரியவர் கியர் பெட்டியைச் சந்தேகித்தார். ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காரின் வயிற்றில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்து, ஒரு குற்றமும் பதிவாகவில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு, எதற்கும் நாலு டயரையும் மாற்றிவிடலாம் என்று 18,000 ரூபாய்க்கு ஒரு சீட்டையும் நீட்டினார்கள். எனக்கோ நாலு திசையிலிருந்தும் கேட்டது. அதனால் அபிப்பிராயம் ஏதும் சொல்லாமல் இருந்தேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் மட்டும் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? போன வாரம் முன் பக்கத்து இடது டயர் பஞ்சராச்சா? அந்த ஒர்க்‌ஷாப் பையன் கழட்டி மாட்டினானா? அதுக்கப்புறம்தானே சத்தம்? இடது பக்கம் திரும்பினாத்தானே கூடுது? அவன்தான் எதையோ தட்டிக் கெடுத்துட்டான். மேஸ்திரிகிட்ட சொல்லி அவன் சம்பளத்துல பிடிக்கச் சொல்லுங்க."

கேட்பதற்கு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. முன்னே நடந்தது காரணம், பின்னே நடந்தது காரியம். இடது பக்கம் திரும்பினால் சத்தம், ஆகவே இடது சக்கரம். இந்த இரண்டு தூண்களின் மேல் எழுப்பிய மண்டபத்தில் அந்தப் பையனை நிறுத்தித் தண்டனையும் விதித்தாகிவிட்டது.

பையனுக்குப் பத்தொன்பது வயது. புட்டுத்தோப்புப் பக்கத்தில், ஒரு வேப்ப மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மேஸ்திரியிடம் ஒன்றரை வருஷமாகத் தொழில் பழகுகிறான். இந்தத் தொழிலில் கைச்சுத்தம் என்பது பெரிய சொத்து. "அவன் தொட்டால் வண்டி கெட்டுவிடும்" என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டால், அது பட்டறைக்குப் பட்டறை அவனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கும். என் மைத்துனர் மேஸ்திரியிடமே நேரில் விஷயத்தைச் சொன்னபோது, பையன் சக்கரச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது குற்றத்துக்கு அடையாளம் என்று மைத்துனர் எடுத்துக்கொண்டார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளையின் அடையாளமாகவும் அது இருக்கலாம் அல்லவா?

மேஸ்திரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. "டீச்சரம்மா, வண்டிய எடுங்க. ஒரு நட போயிட்டு வருவோம்" என்றார். பையனையும் ஏறச் சொன்னார்.

வைகைக் கரையோரச் சாலையில் விடியற்காலையில் கூட்டம் இராது. நேரான இடம் பார்த்து, அறுபதில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார் மேஸ்திரி. என்ஜின் வேகம் தணிந்தது, முனகல் தணியவில்லை. "என்ஜினும் இல்ல, கிளச்சும் இல்ல" என்று ஒரு விரலை மடக்கினார். தார்ச் சாலையிலிருந்து சிமெண்டு போட்ட சாலைக்குப் போகச் சொன்னார். சத்தம் டயரிலிருந்து வந்தால், சாலையின் முகம் மாறும்போது அதன் சுருதியும் மாறுவது வழக்கம். இங்கே மாறவில்லை. காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை மட்டும் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் ஸ்டியரிங்கின் மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் அச்சின் மூட்டுத் தேய்ந்திருந்தால், வளையும்போது டக் டக் என்று சொடக்குப் போடும். அந்தச் சொடக்கும் இல்லை.

கடைசியாக, ஆளில்லாத அகலமான இடத்தில், வேகத்தை மாற்றாமல் காரை மெல்ல இடமும் வலமும் நெளித்து ஓட்டச் சொன்னார். இடது பக்கம் நெளிந்தால் ஊம்ம்ம் என்று எழும்பிற்று. வலது பக்கம் நெளிந்தால் அமுங்கிற்று.

"பார்த்தீர்களா? இடது!" என்றார் மைத்துனர்.

மேஸ்திரி பின்னால் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டார்.

"சார், நம்ம ஆரப்பாளையத்துல ஏறி கொடைக்கானல் பஸ்ல போயிருக்கீகளா?"

"ஏன், போயிருக்கேன்."

"மலையில பஸ் எடது பக்கம் வளஞ்சா, ஆளு எந்தப் பக்கம் சாயுவாக?"

மைத்துனர் சற்று யோசித்தார். "வலது பக்கம்" என்றார்.

"அம்புட்டுத்தான் சார். வண்டியும் அப்பிடித்தான். எடது பக்கம் திரும்புனா பாரம் பூராம் வலது சக்கரத்து மேல ஏறும். நோவு இருக்குற காலு, பாரம் ஏறுனாத்தான முனகும்?"

காருக்குள் சிறிது நேரம் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

எவ்வளவு எளிய விஷயம்! நாலு சக்கரமும் ஒன்றாக ஓடும்போது எந்தச் சக்கரம் நோயாளி என்று தெரிவதில்லை. ஒரு பக்கத்துப் பாரத்தை எடுத்து மறு பக்கத்தில் வைத்தால் உடனே தெரிகிறது. ஆனாலும் மேஸ்திரி இதையே முடிவான சாட்சியாக ஏற்கவில்லை. "இது துப்புத்தான் சார். சில வண்டியில ஏமாத்திப்புடும். தூக்கிப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி போட்டுத் தூக்கி, தாங்குகட்டை கொடுத்து நிறுத்தினார்கள்.

மேஸ்திரிக்கு இடது காது மந்தம். நாற்பது வருஷமாகச் சுத்தியலும் என்ஜினும் அந்தக் காதைத் தின்றுவிட்டன. ஆகவே அவர் கையால் கேட்கிறார். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையை அதற்கு மேலே இருக்கும் சுருள் வில்லின் மீது வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் பின் பக்கத்து வலது. பிறகு முன் பக்கத்து இடது. இரண்டிலும் முகத்தில் மாறுதல் இல்லை. முன் பக்கத்து வலது சக்கரத்துக்கு வந்ததும் புருவம் சுருங்கிற்று. என் கையைப் பிடித்து வில்லின் மேல் வைத்தார். உள்ளே யாரோ மணலைத் திரிகையில் போட்டு அரைப்பதைப் போல் ஒரு நறநறப்பு விரல் வழியாக ஏறிற்று. பிறகு ஒரு நீண்ட திருப்புளியின் முனையைச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இரும்பில் ஊன்றி, பிடியை என் காதில் வைத்தார். பையன் சக்கரத்தைச் சுழற்றினான். அறைக்குள் அலைந்துகொண்டிருந்த சுவர்க்கோழி அங்கே உட்கார்ந்திருந்தது!

1816-ல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னெக், ஒரு நோயாளிப் பெண்ணின் மார்பில் நேரே காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். அதற்கும் முந்தி, 1761-ல் வியன்னாவில் அவுன்புருக்கர் என்ற வைத்தியர், நெஞ்சை விரலால் தட்டி நோயை அறியும் முறையை எழுதி வெளியிட்டார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு திராட்சை மது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறு வயதில் பார்த்தவர் என்பார்கள். எங்கள் மேஸ்திரி இவர்களைக் கேள்விப்பட்டதில்லை. அவருடைய தகப்பனார் மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளி. மில் சங்கு ஊதி நேரம் தெரிந்துகொண்ட காலம் அது. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் கூடத்தில், கெடப் போகிற ஒரு பேரிங்கின் குரலைத் தனியாகப் பிரித்துச் சொல்லுவாராம்.

பஞ்சாலைக்கும் பேரிங்குக்கும் உள்ள உறவு பழையது. சுவீடன் தேசத்தில் கோட்டன்பர்க் நகரம் களிமண் பூமியின் மேல் இருக்கிறது. அங்கே ஒரு நெசவாலையில், தரை இறங்கி இறங்கி யந்திரத் தண்டுகள் கோணிக்கொள்ளும்; பேரிங்குகள் ஓயாமல் கெடும். அந்த ஆலையில் பராமரிப்பைக் கவனித்துவந்த ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற இளம் என்ஜினியர், தண்டு சற்றுக் கோணினாலும் தானே ஒத்துக்கொண்டு ஓடும் பேரிங் ஒன்றை 1907-ல் செய்தார். உலகமெங்கும் பேரிங் விற்கும் எஸ்.கே.எப். கம்பெனி அதிலிருந்துதான் முளைத்தது. வண்டி அச்சுக்குள் குண்டுகளை வைத்து ஓட்டலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. வேல்ஸ் நாட்டில் பிலிப் வான் என்ற இரும்பாலைக்காரர் 1794-லேயே அதற்கு உரிமைப் பட்டயம் வாங்கியிருந்தார்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் இந்த எளிய சாதனம் என்ன செய்கிறது? உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே சுண்டைக்காய்ப் பருமனில் எஃகுக் குண்டுகள், அவற்றைச் சுற்றிக் கிரீஸ், கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீர் உள்ளேறாமலும் இருபுறமும் மூடி. சக்கரம் தரையில் ஒரு சுற்று உருண்டால் சுமார் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிஷத்துக்கு 550 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் ஐந்தரைக் கோடிச் சுற்று! அத்தனை சுற்றிலும் காரையும், அதில் உள்ளவர்களையும், சாமான்களையும் இந்தச் சுண்டைக்காய்கள்தான் தாங்குகின்றன. வாய் திறப்பதில்லை. எஃகின் முகத்தில் அம்மைத் தழும்பு போல் ஒரு சிறு குழி விழுந்த பிறகுதான் முனகத் தொடங்குகின்றன.

அந்த முனகலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்டேன். குழி பெருகும், சூடேறும், சக்கரம் ஆட்டம் காணும், கடைசியில் ஒரு நாள் ஓட்டத்திலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளலாம் என்றார். செக்கானூரணியைத் தாண்டி லாரிகளும் பஸ்களும் பறக்கும் சாலை என் மனத்தில் வந்தது. அந்தச் சாலையில் தினமும் மூன்று ஆசிரியைகள் இந்தச் சக்கரத்தை நம்பி உட்கார்ந்து போயிருக்கிறார்கள். நாலு டயரையும் மாற்றிவிட்டு, நிம்மதியாக அதே பேரிங்கின் மேல் இன்னும் எத்தனை நாள் போயிருப்பார்களோ! தப்பான இடத்தில் பழியைப் போடுவதில் இருக்கும் பெரிய அபாயம் இதுதான். பழி சுமந்தவன் கஷ்டப்படுவது ஒரு புறம் இருக்க, உண்மையான கோளாறு யாரும் பார்க்காத இடத்தில் சௌகரியமாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கை வெளியே எடுத்தபோது ஒரு பக்கத்து மூடி கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருவும் சேறும் கலந்த பழுப்புக் குழம்பு. "வண்டி தண்ணிக்குள்ள எறங்குச்சா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, ரயில் பாதைக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றதால், கால் மணி நேரம் கார் அந்தத் தண்ணீரில் நின்றது. அன்று புகுந்த ஈரம் இரண்டு மாதம் மௌனமாக வேலை செய்துவிட்டு, மார்கழியில் வாய் திறந்திருக்கிறது. பஞ்சர் ஒட்டிய வாரத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பையன் தொட்டது இடது சக்கரம், கெட்டது வலது. இரண்டும் ஒரே சமயத்தில் நம் கவனத்துக்கு வந்தன. அவ்வளவுதான்.

புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்ற மேஸ்திரி சம்மதிக்கவில்லை. அடி குண்டுகளின் வழியாகப் போனால் புதிதிலேயே தழும்பு விழுந்துவிடுமாம். லேத் பட்டறையில் உள்ள அழுத்து யந்திரத்துக்குப் பையனையே அனுப்பினார். எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். மைத்துனர் கேட்கும்படியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கைச்சுத்தம் இல்லாதவன் கையில் அந்த வேலையை யாரும் கொடுக்க மாட்டார்கள். பேரிங்கும் கூலியும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

மறுபடியும் கரையோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கம் நெளித்தாள் என் மனைவி. வலது பக்கம் நெளித்தாள். காற்றின் சத்தமும் டயரின் சத்தமும் மட்டும் கேட்டன. என் மாமியார், பின்னால் இன்னும் லேசாகக் கேட்கிறது என்றார். அது அவருடைய கௌரவப் பிரச்சினை, நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. மைத்துனரோ பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நான்தான் முதலிலேயே சொன்னேனே அத்தான், முன் சக்கரம் என்று!" என்றார்.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஊரிலும் எத்தனையோ முனகல்கள் கேட்கின்றன. கேட்டவுடன் நமக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறான். கடைசியாகத் தொட்டவன், வாய் பேசாதவன், கூலிக்கு வந்தவன் எவனாவது ஒருவன் கைக்கெட்டுகிற தூரத்தில் எப்போதும் இருக்கிறான். பிரம்பும் நம் கையில் இருக்கிறது. பாரத்தைச் சற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பார்ப்பதற்கு எங்களுக்கு ஒரு காலை வேளைதான் செலவாயிற்று. அந்தப் பொறுமை இல்லாதிருந்தால், ஒரு பையனின் சம்பளத்தில் பிடித்திருப்போம். சக்கரமும் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே இருந்திருக்கும்.

கழற்றிய பேரிங்கை எண்ணெய்த் துணியால் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று பையன் கேட்டான். எதற்கு என்றேன். அவன் தம்பி பேரிங் வண்டி செய்கிறானாம். மூன்று சக்கரம் சேர்ந்துவிட்டது, ஒன்றுதான் குறைகிறதாம். "ஆனா இது ரொம்பச் சத்தம் போடும் சார்" என்று எச்சரிக்கையும் செய்தான். போடட்டும் என்றேன். தெருவில் போகும் பேரிங் வண்டிக்குச் சத்தம்தானே அழகு!